கொரோனாவில் வேலை போனவருக்கு இஎஸ்ஐ நிவாரணம்: எப்படி விண்ணப்பிப்பது? (டிசம்பர் 2020 நிலவரப்படி)

கேள்வி: ஜூன் மாதம் ஆட்குறைப்பில் தம்பிக்கு வேலை போனது. மூன்று வருடம் சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தார்கள். விண்ணப்பத்தில் கம்பெனி கையெழுத்துப் போட மறுக்கிறது. பணம் கிடைக்குமா?

பதில் 1: கிடைக்கும். வேலை இழந்தவர்களுக்கான இஎஸ்ஐ திட்டத்தின் பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. கம்பெனி கையெழுத்து இப்போது தேவையே இல்லை. தொழிலாளியே நேராக விண்ணப்பிக்கலாம். 2020 மார்ச் 24 முதல் டிசம்பர் 31 வரை வேலை இழந்தவர்களுக்குச் சராசரி தினக்கூலியில் 50 சதவீதம், அதிகபட்சம் 90 நாள். சராசரி 500 ரூபாய் என்றால் 250 வீதம் 22,500. முன்பு 25 சதவீதம்தான். வாழ்நாளில் ஒருமுறைதான் தருவார்கள்.

பதில் 2: முதலில் சந்தா நாட்களை (இஎஸ்ஐ சந்தா கட்டிய வேலை நாட்கள்) பாருங்கள், பலருக்கு அங்கேதான் நின்றுவிடுகிறது. இரண்டு வருடமாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். அக்டோபர் 2019 – மார்ச் 2020 காலத்தில் 78 நாள், அதற்கு முந்தைய மூன்று அரையாண்டுகளில் ஏதாவது ஒன்றில் 78 நாள். சம்பளத்தில் பிடித்தும் கம்பெனி கட்டாமல் விட்டிருந்தால், சம்பளச் சீட்டுகளோடு கிளை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

பதில் 3: இஎஸ்ஐ இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, அச்செடுத்துக் கையெழுத்திட்டு, ஆதார், பாஸ்புக் நகலோடு கிளை அலுவலகத்தில் கொடுங்கள். 20 ரூபாய் பத்திரத்தில் பிரமாணப் பத்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், நவம்பரிலேயே நீக்கிவிட்டார்கள். ஆதாரிலும் இஎஸ்ஐயிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தாலும் இழுத்தடிக்கும்.