வீட்டு செபமாலை தமிழ்லயா இங்கிலீஷ்லயா? பையன் கேக்குறான், என்ன சொல்றதுன்னு தெரியல

மணப்பாட்டான்_பெங்களூர்:
எல்லாருக்கும் இயேசுவுக்கே புகழ். ஒரு விஷயம் ஒரு வாரமா மனச அரிச்சிட்டே இருக்கு. நாங்க பெங்களூர் வந்து பதினோரு வருஷம் ஆச்சு, பையனுக்கு 13, பொண்ணுக்கு 8. தினமும் ராத்திரி ஏழரைக்கு மணப்பாட்டுல இருக்குற எங்க அம்மாவ வீடியோ கால்ல போட்டு செபமாலை சொல்லுவோம், அம்மாதான் நடத்துவாங்க, பழைய செபம்தான். போன வாரம் செபமாலை கடைசில மாதாவ வேண்டிச் சொல்ற கிருபை தயாபத்து மந்திரம் வந்ததும் பையன் வாய மூடிக்கிட்டான். ஏன்டான்னு கேட்டா, "அப்பா எனக்கு இதுல ஒரு வார்த்தை புரியல, தயாபத்துன்னா என்ன, நான் இங்கிலீஷ்ல சொன்னா மாதா கேக்க மாட்டாங்களா"ங்குறான். எதுத்துப் பேசணும்னு கேக்கல, நெஜமாவே கேட்டான். மறைக்கல்வி கிளாஸ் இங்கிலீஷ், ஞாயித்துக்கெழம பூசை இங்கிலீஷ், மொத தடவ நற்கருணை வாங்குற புதுநன்மைக்குப் படிச்சதும் இங்கிலீஷ்தான். அம்மா போன்ல எங்களையே பாத்துட்டு இருந்தாங்க, ஒண்ணும் பேசல. மாத்திடலாமா?

கோட்டாறு_அக்கா:
தம்பி, மாத்தாதீங்க. உங்க ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, வெளிநாட்டுல இருந்து வந்து வேதம் போதிச்ச பிரான்சிஸ் சவேரியார் தங்கின குகை உங்க ஊர்லதான இருக்கு. 1542ல அவர் நம்ம கடற்கரைக்கு வந்தப்ப தமிழ் தெரியாது அவருக்கு. ரெண்டு பாஷையும் தெரிஞ்சவங்கள கூட வச்சுக்கிட்டு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை, உங்க பையன் வாய மூடிக்கிட்டானே அந்தக் கிருபை தயாபத்து, எல்லாத்தையும் தமிழ்ல ஆக்கி மனப்பாடம் பண்ணி, கையில மணிய அடிச்சுக்கிட்டு தெருத்தெருவா போய் பிள்ளைங்கள கூட்டி சொல்லிக் கொடுத்தார். 1578ல கொல்லத்துல தம்பிரான் வணக்கம் அச்சானப்ப தமிழ் எழுத்துல அச்சாகி வந்த அந்த நூலே ஒரு மறைக்கல்வி நூல்தான். இவ்வளவு பேர் பாடுபட்டுக் கொடுத்தத பிள்ளைக்கு ஒரு வார்த்தை புரியலன்னு விட்டுடுவீங்களா?

திருச்சி_ஜோ:
அக்கா, நீங்க சொன்ன அதே சவேரியார்தான் எனக்கும் சாட்சி. அவர் ஏன் தமிழ்ல ஆக்குனார்? எதிர்ல நின்ன பிள்ளைங்களுக்கு லத்தீனும் போர்த்துகீசும் புரியாது, அதனால. இன்னைக்கு அவர் பெங்களூர்ல அந்தப் பையன் முன்னாடி நின்னா என்ன பாஷையில சொல்லித் தருவார்? அதுவும் இல்லாம எந்தத் தமிழ காப்பாத்தச் சொல்றீங்க? மங்கள வார்த்தையில எங்க பாட்டி "பிரியதத்தத்தினாலே பூரண"ன்னு சொல்லுவாங்க, எங்க அம்மா "அருள் நிறைந்த மரியே", இப்ப கோயில்ல "அருள் மிகப் பெற்ற மரியே". எங்க தாத்தா காலத்துல பூசை லத்தீன்ல நடக்கும், அவங்க பாட்டுக்கு செபமாலைய உருட்டிக்கிட்டு இருப்பாங்களாம், 1960கள்ல நடந்த ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம்தான் பூசை தமிழ்ல வந்துச்சு. புரியணும்னுதானே சபையே மாத்துச்சு. விசுவாசம் பையனோட மனசுக்குள்ள போகணும், காதோட நின்னுடக் கூடாது.

கோட்டாறு_அக்கா:
ஜோ தம்பி, அதே சவேரியார் பத்தி இன்னொண்ணும் சொல்றேன். மொதல்ல ஆக்குன விசுவாசப் பிரமாணத்துல "விசுவசிக்கிறேன்"னு வரவேண்டிய எடத்துல "வேணும்"னு போட்டிருந்தாங்க. 1544ல அவரே கூட இருந்தவருக்கு கடிதம் எழுதி அத மாத்தச் சொன்னார். தப்புன்னு தெரிஞ்சதும் தமிழையே விட்டுட்டாரா, அந்த ஒரு வார்த்தைய சரி பண்ணுனாரா? பையனுக்குப் புரியலன்னா புரிய வைங்க. கிருபை தயாபத்துக்கு மாதான்னா இரக்கத்துக்கே அம்மா, அவ்வளவுதான், சொல்லிக் கொடுக்க அரை நிமிஷம் ஆகாது. நாம சொல்லிக் கொடுக்காம இருந்துட்டு பாஷை மேல பழி போடுறோம்.

தாராவி_பொண்ணு:
நான் மும்பையில பொறந்து வளந்தவ. எங்க வீட்ல இதே பேச்சு வந்து அப்பா இங்கிலீஷுக்கு மாத்திட்டார், எங்களுக்கு அன்னைக்கு ரொம்ப சந்தோஷம். பாட்டி சாகக் கிடந்து, சாமியார் வந்து எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்த அன்னைக்கு எல்லாரும் ஊர்ல கட்டில சுத்தி உக்காந்து செபமாலை சொன்னாங்க. பாட்டிக்கு பேச்சு நின்னுடுச்சு, ஆனா உதடு அசையுது, ஒவ்வொரு மணிக்கும் சரியா அசையுது. நான் அவங்க கையப் பிடிச்சிட்டு இருக்கேன், எனக்கு அந்த செபம் தெரியாது. உள்ளுக்குள்ள இங்கிலீஷ்ல சொன்னேன், கடவுள் கேட்டிருப்பார், அதுல சந்தேகம் இல்ல. ஆனா பாட்டி காதுல என் குரல் விழல. எட்டு வருஷம் ஆச்சு, இன்னும் என்னால அத மறக்க முடியல. அண்ணா, இத மட்டும் யோசிச்சுப் பாருங்க.

உப்பளத்தான்:
தங்கச்சி எழுதினத படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். ஆனா என் கதை வேற. எங்க அப்பா ஒரு வார்த்தை தப்பிச்சுன்னா ரெண்டு கையும் விரிச்சு முழங்கால்ல நிக்க வைப்பார், செபமாலையில அஞ்சாவது பத்து மணி முடியுறவரைக்கும். சிமெண்ட் தரை. அத்தனை செபமும் தமிழ்ல தலைகீழா தெரியும் எனக்கு, ஆனா காலேஜ் போனதுல இருந்து பன்னெண்டு வருஷம் செபமாலைய கையில தொடல. என் மவ பொறந்தப்புறம்தான் திரும்ப எடுத்தேன். அண்ணே, பாஷைய நீங்க அப்புறம் முடிவு பண்ணுங்க, மொதல்ல பையன கட்டாயப்படுத்தாதீங்க. மாதா கேக்க மாட்டாங்களான்னு கேக்குற பிள்ளை மாதா கிட்ட பேச ஆசப்படுற பிள்ளைதான், எனக்கு அந்த ஆசையே வராமப் போச்சு.

திருச்சி_ஜோ:
உப்பளத்தான் அண்ணே சொன்னதுதான் என் பயமும். தாராவி தங்கச்சி, உங்க வலி புரியுது, அதுக்கு எதிரா என்கிட்ட வார்த்தை இல்ல. ஆனாலும் ஒரு பையன் 13 வயசுல புரியாம சொல்லிச் சொல்லி 20 வயசுல செபத்தையே விட்டுடுறத நான் நிறைய பாத்திருக்கேன்.

மணப்பாட்டான்_பெங்களூர்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து வியாழக்கெழம, செபமாலையில ஒளியின் மறையுண்மைய தியானிக்கிற நாள். ஒண்ணு செஞ்சு பாத்தோம். மங்கள வார்த்தைய முன்பாதி ஒருத்தர், பின்பாதி மத்தவங்கன்னுதானே சொல்றோம், அதனால பையன முன்பாதி இங்கிலீஷ்ல சொல்ல வச்சேன், அம்மா பின்பாதிய "அர்ச்சியசிஷ்ட மரியாயே"ன்னு தமிழ்ல சொன்னாங்க. போன்ல குரல் கொஞ்சம் லேட்டா வரும், மொத பத்துல ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுச்சு, மூணாவது பத்துல அவனே அம்மா முடிக்கிற வரைக்கும் நின்னு சொல்ல ஆரம்பிச்சுட்டான். பொண்ணு வழக்கம்போல நாலாவதுல தூங்கிட்டா.

கோட்டாறு_அக்கா:
அது நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அம்மா இருக்குற வரைக்கும் அந்தப் பின்பாதி தமிழ்ல இருக்கும், அதுக்கப்புறம் யார் சொல்லுவா? கிருபை தயாபத்தாவது தமிழ்லயே இருக்கட்டும், அத விட்டுக் கொடுக்காதீங்க.

திருச்சி_ஜோ:
அதையும் பையனே எடுத்துச் சொன்னாத்தான் அக்கா நிக்கும், நாம பிடிச்சு வச்சா நிக்காது.

மணப்பாட்டான்_பெங்களூர்:
அக்கா, நீங்க சொன்ன மாதிரி தயாபத்துக்கு அர்த்தம் சொல்லிட்டேன். அவன் உடனே போன்ல "ஆச்சி, அப்ப பிரியதத்தம்னா என்ன"ன்னு கேட்டான். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "எனக்குத் தெரியாதுய்யா, எங்கம்மா சொன்னாங்க நானும் சொன்னேன், மாதாவுக்கு ரொம்ப பிரியமான வார்த்தை போலன்னு நெனச்சிட்டு இருந்தேன்"னாங்க. அருள்னு அர்த்தம்னு நான் சொன்னதும் ரெண்டு பேரும் சேந்து அந்த வரிய ஒருக்கா மெதுவா சொல்லிப் பாத்தாங்க. இன்னைக்கு வேற ஒரு வார்த்தை கேக்கணும்னு நோட்டுல எழுதி வச்சிருக்கான், அர்ச்சியசிஷ்டன்னா என்னன்னு.