பே ஸ்லிப்பில் வெட்டுப்படும் யூனியன் காசு: பிள்ளைகளின் படிப்புக்கு உதவும்

கனடாவுக்குப் புதிதாக வந்து, பிள்ளைகளின் பல்கலைக்கழகக் கட்டணத்தை நினைத்து நித்திரை வராமல் இருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

அம்மா ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் சலவை வேலை செய்தார். அவருடைய பே ஸ்லிப்பில் ‘யூனியன் டியூஸ்’ என்று ஒரு தொகை, அதாவது யூனியன் சந்தா, கழியும். “இதை ஏன் வெட்டுறாங்கள்?” என்று அப்பா ஒவ்வொரு முறையும் கேட்பார். அங்கத்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த யூனியன் புலமைப்பரிசில் கொடுப்பது எங்களுக்குத் தெரியாது. சாப்பாட்டு அறைப் பலகையில் ஒட்டியிருந்த தாளை அம்மா கொண்டுவந்து காட்டியபோது நான் இரண்டாம் வருடம். முதல் வருட மாணவர்களுக்கு மட்டும் என்று அதில் இருந்தது.

1945இல் ஒன்ராறியோ மாகாணத்து வின்சர் நகரில் ஃபோர்ட் கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 99 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் பிணக்கில் நீதிபதி ஐவன் ராண்ட் 1946இல் கொடுத்த தீர்ப்பால்தான், யூனியனில் சேராதவரிடமும் சந்தா பிடிக்கும் வழக்கம் வந்தது. ஆகவே சந்தா கழிகிறது என்பதற்காக நீங்கள் அங்கத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கத்துவ அட்டையில் கையெழுத்துப் போட்டீர்களா என்று பாருங்கள். வருடம் முடிந்தபின் வேலையிடம் தரும் டி4 என்ற சம்பள விபரப் படிவத்தில் 44ஆம் பெட்டியில் தொகை இருந்தால், உங்கள் வேலையிடத்தில் யூனியன் இருக்கிறது. அங்கு யூனியன் பிரதிநிதியாக இருக்கும் ஸ்ருவர்ட்டிடம் உங்கள் லோக்கலின், அதாவது யூனியன் கிளையின், இலக்கத்தைக் கேளுங்கள். லோக்கல், அதற்கு மேலே தேசிய யூனியன் என்று இரண்டு இடத்திலும் விசாரியுங்கள். முடிவுத் திகதிகள் வேறு வேறாக இருக்கும்.

பல யூனியன்கள் கட்டுரை கேட்கும். தங்கச்சி, தம்பிமாரே, நீதி சமத்துவம் என்று பொதுவாக எழுதவேண்டாம். ஈரத் துணி நிறைந்த வண்டியைத் தள்ளித் தள்ளி அம்மாவின் தோள்மூட்டு எப்படி வீங்கியது, அதற்கு யூனியன் என்ன செய்தது என்று எழுதுங்கள். அதை உங்களைவிட நன்றாக யாராலும் எழுத முடியாது.

தொழிலாளர் கற்கையையே படிக்க விருப்பமென்றால் ஹமில்டனில் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே தனிப் பள்ளி இருக்கிறது. ஆனால் யூனியன் புலமைப்பரிசில்கள் பலவற்றுக்கு நீங்கள் எந்தத் துறையும் படிக்கலாம்.

அப்புறம், ஒன்ராறியோவில் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும் அகதியாக ஏற்கப்பட்டவர்களும் ஓசாப் என்ற மாகாண அரசின் மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். சர்வதேச மாணவர்களுக்கு அது கிடையாது. ஆனால் நீங்கள் பகுதிநேரமாக நிற்கும் கடையில் யூனியன் இருந்தால், அம்மா அப்பா வழியாக இல்லாமல் நீங்களே அங்கத்தவராகி யூனியன் புலமைப்பரிசில் கேட்கலாம். முதல் சம்பளத்திலேயே பே ஸ்லிப்பைப் பாருங்கள்.