கெட்டிமேளம் கேட்டால் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்கள்?

கும்பகோணம் பக்கம், இப்போது சென்னை:

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் கெட்டிமேளத்துக்குச் சைகை காட்டும் உரிமை பெரிய தாத்தாவுடையது. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கியதும், மேடை ஓரத்தில் நின்றபடி ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்துவார். அதுவரை ஆனந்தபைரவியில் சாவகாசமாக உலாவிய நாதஸ்வரம் சட்டென்று வேகம் பிடிக்கும். இரண்டு தவில்களும் சேர்ந்து முழங்கும். தும்மலோ அழுகையோ வேண்டாத பேச்சோ அந்த நேரத்தில் யார் காதிலும் விழக்கூடாது, அதற்குத்தான் இத்தனை சத்தம் என்பார் பாட்டி. சின்ன அத்தை கல்யாணத்தில் தாலி ஏறும்போது அத்தை அழுதார். யாருக்கும் கேட்கவில்லை. நான் முன்னால் உட்கார்ந்திருந்ததால் பார்த்தேன்.

பந்தியைவிட மேளக்காரர்கள் பக்கம்தான் எனக்கு இழுப்பு. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தில் கட்டித் தொங்கும் சீவாளிகளில், அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளில், ஒன்றை எடுத்து, வாயில் வைத்து ஈரமாக்கி, ஊதிப் பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல் அடுத்ததை எடுப்பார். தவில்காரரின் வலது கை விரல்களில் கூடு. துணியும் பசையுமாகச் சுற்றிக் காயவைத்தது. ஒருமுறை கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டேன். என் விரலுக்குத் தொளதொளவென்று இருந்தது. "வளர்ந்துட்டு வா, தம்பி" என்று திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடையும் நரசிங்கம்பேட்டை எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோதுகூட எனக்கு முதலில் தோன்றியது தாத்தாவின் விரல்தான்.

அவர் போய் வெகுநாளாகிவிட்டது. இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு, யார் சைகை காட்டுகிறார் என்றுதான் தேடுகிறேன். பெரும்பாலும் வீடியோக்காரர் காட்டுகிறார். அதுவும் "ஒரு நிமிஷம் சார், இந்தப் பக்கம் திரும்புங்க" என்று மாப்பிள்ளையின் கையை அந்தரத்தில் நிறுத்திய பிறகு. சரி, என் புலம்பல் போதும். உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள்.

மதுரைப் பக்கம், கிராமம்:

எங்களுக்குக் கல்யாணம் என்றால் மைக் செட். முதல் நாள் சாயங்காலமே வேப்பமரத்து உச்சியில் குழாயைக் கட்டிவிடுவார்கள். தொடக்கம் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அதில் மறுபேச்சே கிடையாது. அப்புறம் ராத்திரி முழுக்கச் சினிமாப் பாட்டு. பொண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்குள் வரும்போது, மருமகளை வாவென்று அழைக்கும் அந்தப் பழைய பாட்டு. எதுவென்று சொல்ல வேண்டியதில்லை, இந்நேரம் உங்களுக்கே காதில் ஓட ஆரம்பித்திருக்கும். தோட்டத்தில் களை எடுக்கும் அம்மா, பாட்டு மாறுவதை வைத்தே "பொண்ணு உள்ள வந்தாச்சு, கைகால் கழுவிட்டுக் கிளம்புங்க, பந்திக்கு நேரமாச்சு" என்பார்.

மொய் வாசிப்பதும் அதே மைக்கில்தான். அப்பா மொய் எழுதிவிட்டு நேராகப் பந்திக்குப் போவார். தன் பேரும் ரூபாயும் குழாயில் கேட்கும்வரை இலையை விட்டு எழுந்திருக்க மாட்டார். எப்போதோ வாசிக்கத் தாமதமாகி, மூன்றாம் தடவை ரசம் வாங்கினார். இசையைக் கேட்டால் நான் மொய்யைச் சொல்கிறேன், மன்னிக்கவும். ஆனால் எனக்கு அப்பாவைத் திரும்பக் கொண்டுவருவது அந்தக் கரகரத்த குரல்தான்.

கும்பகோணம் பக்கம், இப்போது சென்னை:

மொய் வாசிப்பும் கச்சேரிதான். ரசம் பிரமாதம்!

யாழ்ப்பாணம், இப்போது டொரண்டோ:

சின்ன மாமாவின் கலியாணம் 90களின் தொடக்கத்தில். அப்போது யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. கசெட் பிளேயரைச் சைக்கிள் டைனமோவில் இணைத்து, சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, மச்சான்மார் மாறிமாறி உழக்கினார்கள். கால் களைத்தால் பாடகரின் குரல் இழுபடும். உடனே குசினியிலிருந்து அம்மம்மா, "டேய், ஒழுங்கா உழக்குங்கோடா!" என்று சத்தம் போடுவா. அந்தப் பாட்டுகள் இப்போது சரியான வேகத்தில் கேட்டால் எனக்கு ஏதோ பிழை மாதிரியே இருக்கிறது.

விடிந்ததும் மேளம் வந்தது. மேளத்துக்குக் கரண்ட் தேவையில்லையே. இணுவில், அளவெட்டி என்று நாதஸ்வரமும் தவிலும் தழைத்த ஊர்கள் எங்களைச் சுற்றி. அம்மம்மா இளவயதில் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய மேளச்சமா கேட்டவ. தமிழ்நாட்டு வித்துவான்களே வியந்த தட்சிணாமூர்த்தியின் தவிலை நேரில் கேட்டவ. அதனால் வேறு எந்தத் தவில்காரரையும் இலேசில் மெச்ச மாட்டா. சின்ன மாமாவின் கலியாணத்தில் மட்டும், தாலி கட்டி முடிந்தபின் "பரவாயில்லை" என்றா. வீடே அதிசயப்பட்டது.

அண்மையில் இங்கே என் மகளுக்குக் கலியாணம். தவில்காரர் இளம் பிள்ளை, நல்ல கை. முடிந்ததும் என்னிடம் வந்து, "எப்படி இருந்தது, அங்கிள்?" என்றார். "பரவாயில்லை" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. எங்கள் வீட்டில் தட்சிணாமூர்த்திக்கு அடுத்த இடத்தில் உள்ளவருக்குத்தான் அந்தச் சொல் கிடைக்கும் என்று சாப்பாட்டு மேசைவரை கூட்டிப்போய் விளக்க வேண்டியதாயிற்று.