நாரி நோவுக்குப் பிடிக்கிற கரண்ட் மிசின் சீனிப் புண்ணுக்கும் சரிவருமா?

உப்புவெளியான்:
அப்பாவுக்கு நாரி நோ. கொழும்பிலிருந்து சித்தப்பா சின்னதாக ஒரு கரண்ட் மிசின் அனுப்பியிருக்கிறார். பற்றரியில் வேலை செய்வது, ஒட்டுகிற பேட் நாலு. நாரியில் கொஞ்ச நேரம் பிடித்தால் மத்தியானம் வரை முற்றத்தில் நடமாடுகிறார். இப்போது சித்தப்பா, "குதிக்காலில் இருக்கிற சீனிப் புண்ணுக்கும் அதையே பிடி, கெதியாக ஆறும்" என்கிறார். பிடிக்கலாமா?

கிண்ணியா நானா:
வேண்டாம் தம்பி. எனக்கு நோவுக்கே அதில் நம்பிக்கை இல்லை. பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டிகள் எழுதுகிற நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட நாரி நோ வழிகாட்டியில், டென்ஸ், அதாவது தோல் வழியாக நரம்புக்குக் கரண்ட் கொடுக்கிற இந்த முறை, கொடுக்க வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது. இதற்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் நாலு வாளி வெந்நீர் அள்ளி வார்த்துவிடலாம், செலவும் இல்லை.

நிலாவெளி பிசியோ:
நானா, சீனிக்காரருக்குக் காலில் உணர்வு குறைவாக இருக்கும், சூடு தெரியாது. புண்ணோடு அவரை வெந்நீருக்கு அனுப்பாதீர்கள்!

நோ விசயத்துக்கு வருவோம். அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் நோ குறைகிறதே, அதுதான் டென்ஸின் அடிப்படை. தொடுகை நரம்புகளைக் கிளறினால் முதுகுத் தண்டில் நோச் செய்தி மறிக்கப்படும் என்று 1965இல் நோவை ஆராய்ந்த மெல்சாக்கும் வோலும் எழுதினார்கள். மிசினை 80 முதல் 100 ஹேர்ட்ஸ் வரை, அதாவது செக்கனுக்கு அத்தனை துடிப்பு, வைப்பது இதற்காகத்தான். 2 முதல் 4 வரை வைத்தால் உடம்பு தானே சுரக்கிற, நோவைத் தணிக்கிற எண்டோர்பின் வழியாக வேலை செய்கிறது. டென்ஸ் வருத்தத்தை மாற்றாது, பிடிக்கும் நேரத்திலும் அதற்குப் பிறகு சற்று நேரமும் நோவைத் தணிக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவர் எழும்பி நடந்தால் அது லாபம். மாதக் கணக்கில் சராசரி பார்க்கிற நைஸின் கண்ணில் இது படாது.

புண் வேறு கதை. தோலுக்கே சொந்த மின்னழுத்தம் உண்டு. வெட்டுப்பட்டால் அங்கே மெல்லிய மின்னோட்டம் ஓடும், புண்ணை மூட வருகிற செல்கள் அதன் திசையைப் பிடித்து நகரும். அதனால்தான் ஆறாத புண்ணுக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுத்துப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகேர், 30 நாள் முறையாக மருந்து கட்டியும் ஆறாத படுக்கைப் புண்ணுக்கும் சீனிப் புண்ணுக்கும் இதற்குப் பணம் கொடுக்கிறது.

கோணமலையான்:
நடுவில் ஒன்று. ரோமாபுரி மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் 1ஆம் நூற்றாண்டிலேயே தலையிடிக்கும் கால் வாதத்துக்கும் மின் திருக்கையை உயிரோடு வைக்கச் சொன்னவர். நம்முடைய கடற்கரையில் அதை வலையிலிருந்து கழற்றக்கூடத் தயங்குவார்கள்.

கிண்ணியா நானா:
திருக்கை இருக்கட்டும். தங்கச்சி, மெடிகேர் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். வீட்டில் ஆளில்லாமல் தானே பிடிப்பதற்கு அது பணம் கொடுக்காது. சீனிக் கால் பற்றிய சர்வதேசக் குழு 2019 வழிகாட்டியில், வழமையான நல்ல சிகிச்சையை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பிடிக்காதே என்கிறது. சீனியைக் கட்டுப்படுத்து, குதிக்காலில் பாரம் விழாமல் பார், இரத்த ஓட்டத்தைப் பார், செத்த தசையை வெட்டி எடு. இதெல்லாம் செய்தால் பாதிப் புண்ணுக்குக் கரண்ட் தேவைப்படாது.

நிலாவெளி பிசியோ:
அதை நான் மறுக்கவில்லை. மற்றது, புண்ணுக்கு வைக்கிற மிசினே வேறு. கிருமி நீக்கிய துணியைச் சேலைனில் நனைத்துப் புண்ணில் வைத்து, அதன் வழியாக அளந்து கொடுப்பார்கள். ஒட்டுகிற பேட்டைத் திறந்த புண்ணில் போடவே கூடாது. தம்பி, அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறதா?

உப்புவெளியான்:
இல்லை அக்கா. ஆனால் நேற்றே அவர் குதிக்காலுக்குப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை என்று கூட்டிக் கூட்டிக் கடைசி அளவில் வைத்தாராம்.

நிலாவெளி பிசியோ:
அந்த "ஒன்றும் தெரியவில்லை" என்பதற்குத்தான் பயப்பட வேண்டும். தோல் பொசுங்கினாலும் அவருக்குத் தெரியாது. ஒட்டிய இடத்தில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நாளைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் காலின் உணர்வையும் நாடித் துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். நாரிக்குப் பிடிப்பதானால் அங்கே உணர்வு சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு பிடிக்கலாம்.

கிண்ணியா நானா:
புண் விசயத்தில் நான் தங்கச்சியோடு. நாரிக்கு இன்னும் இல்லை. நாளைக்கு வந்து நைஸைப் பற்றி மிச்சம் பேசுவோம்.