பச்சை உணவு: குளிர் ஸ்மூத்தியில தேங்காய்ப்பால் திரளுது, பப்பாப்பழம் இறுகுது

விசுவமடு
வணக்கம். அடுப்பில வைக்காத சாப்பாட்டு முறைக்கு ஏற்ற குளிர் ஸ்மூத்தி பற்றித்தான் கேள்வி. பால்மா, சீனி, ஐஸ்கிறீம் ஒண்டும் இல்லை. வாழைப்பழம், பப்பாப்பழம், தேங்காய்ப்பால், ஐஸ் மட்டும். மூண்டு சிக்கல் வருது. தேங்காய் முதற்பாலை ஐஸோட அடிச்சால் மேல வெள்ளைத் துகள் மிதக்குது, அண்ணத்தில ஒட்டுது. பப்பாப்பழம் போட்டு அரை மணித்தியாலம் வைச்சால் கட்டியாகி, கிளாஸைக் கவிழ்த்தாலும் விழாது. ஐஸைக் கூட்டினால் தண்ணியாகுது, குறைச்சால் குளிர் காணாது. பிளெண்டர் 350 வாட், ஃபிரிட்ஜ் ஒற்றைக் கதவு. இனிப்புக்குப் பனங்கட்டி போட்டால் அது பச்சை உணவுக்குள்ள வருமோ? தெரிஞ்ச அண்ணைமார், அக்காமார் சொல்லுங்கோ.

ஒட்டுசுட்டான்
முதலாவது சிக்கல் கொழுப்பால வாறது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழ உறையும். முதற்பாலில கொழுப்பு மிச்சம் கூட. ஐஸ் பட்ட உடன கொழுப்புத் துளிகள் இறுகத் தொடங்கும், அந்த நேரம் பிளெண்டர் கடைய, ஒண்டோடொண்டு ஒட்டித் திரளும். மோரில வெண்ணெய் திரளுற மாதிரித்தான். கூட நேரம் அடிச்சால் கரையும் எண்டு நினைச்சு அடிக்காதேங்கோ, இன்னும் திரளும்.

முதற்பாலை விடுங்கோ. அரைமுறித் தேங்காய்த் துருவலுக்கு 100 மில்லிலீற்றர் தண்ணி விட்டுப் பிழிஞ்ச முதற்பாலைக் கறிக்கு எடுத்து வையுங்கோ. அந்தத் துருவலுக்கே திரும்ப 200 மில்லிலீற்றர் விட்டுப் பிழிஞ்ச இரண்டாம் பால்தான் ஸ்மூத்திக்குத் திறம். பிழியிற தண்ணி கைச்சூட்டுக்கு மேல போகக்கூடாது. பச்சை உணவுக்காரர் வைச்சிருக்கிற எல்லை 40 முதல் 48 பாகைக்குள்ள, ஆளுக்காள் மாறும். தடிப்பு வேணுமெண்டால் இளநீர் வழுக்கையை ஒரு கைப்பிடி போடுங்கோ. வழுக்கையில கொழுப்புக் குறைவு, திரளாது.

முதற்பால்தான் வேணுமெண்டால் முதல்ல வாழைப்பழத்தோட ஐஸ் இல்லாமல் 15 செக்கன் அடியுங்கோ. பழக்கூழ் கொழுப்புத் துளிகளை ஒண்டோடொண்டு ஒட்டாமல் வைச்சிருக்கும். குளிரான பழத்தைப் பிறகு போட்டுச் சுருக்கமாக முடியுங்கோ.

நெடுங்கேணி
ஐஸைப் பற்றி முதல்ல சொல்லுறன், ஏனெண்டால் மற்றதெல்லாம் அதிலதான் தொங்குது. குளிர் பழத்துக்குள்ள இருந்து வரவேணும். உறைஞ்ச பழம் உருகினாலும் பழந்தான், ஐஸ் உருகினால் தண்ணி.

கறுப்புப் புள்ளி விழுந்த இதரை வாழைப்பழமோ கப்பல் வாழைப்பழமோ எடுத்துத் தோலை உரிச்சு, இரண்டு சென்ரிமீற்றர் துண்டாக வெட்டித் தட்டில ஒண்டோடொண்டு முட்டாமல் பரப்பி உறைய வையுங்கோ. கதலியும் ஆகும், புளிப்புக் கொஞ்சம் தூக்கும். தோலோட வைக்காதேங்கோ. தோல் கறுத்து ஒட்டிப் பிடிக்கும், பிறகு உரிக்க ஏலாது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின்ர சின்னப் பெட்டியில இரவு முழுக்க விடவேணும். இறுகின பிறகு பையில போட்டு, காத்தை அமத்தி எடுத்துக் கட்டுங்கோ. நேரடியாகப் பையில அடைச்சு வைச்சால் எல்லாம் ஒரே பாறையாகும். 350 வாட் மோட்டர் அதில நிண்டு போகும், எரிஞ்ச மணம் வரும்.

இரண்டு கிளாஸுக்கு அளவு: உறைஞ்ச வாழைப்பழம் 200 கிராம், உறையாத பப்பாப்பழம் 100 கிராம், இரண்டாம் பாலோ இளநீரோ 150 மில்லிலீற்றர், தேசிக்காய்ப்புளி ஒரு மேசைக்கரண்டி, ஊறின பேரீச்சம்பழம் இரண்டு. வலுக்குறைஞ்ச பிளெண்டரெண்டால் திரவத்தை 200 ஆக்குங்கோ. உறைஞ்ச துண்டை வெளியில எடுத்து ஐஞ்சு நிமிசம் விட்டால் அலகுக்கு இலேசு. திரவம் அடியில, உறையாத பழம் நடுவில, உறைஞ்சது மேல. ஐஞ்சு செக்கன் அடி, நிப்பாட்டு, திரும்ப அடி. மொத்தம் 30 செக்கன் காணும். அலகு சும்மா சுத்தி மேல பழம் அசையாமல் நிண்டால் அடியில காத்து அடைபட்டிருக்கு. பிளக்கைக் கழட்டிப்போட்டு அகப்பைக் காம்பால கிளறுங்கோ. நீட்டி ஓடவிட்டால் உராய்வுச் சூடு ஏறும், குளிரும் போகும்.

இளநீரைத் தட்டில உறைய வைச்சும் போடலாம், சுவை கெடாது. ஆனால் கட்டியை அப்பிடியே போடாமல் சுத்தமான துணியில சுத்தி அம்மிக்குழவியால தட்டிப் போடுங்கோ.

பப்பாப்பழம் இறுகிறது பழுதில்லை. பழத்தில இருக்கிற பெக்ரின் எண்ட நார்ப்பொருளை அதே பழத்தின்ர நொதியம் (என்சைம்) மாத்துது. மாறின பெக்ரின் பழத்துக்குள்ள இருக்கிற கல்சியத்தோட சேர்ந்து இறுகுது. அடிக்கும்போது கலங்கள் உடைஞ்சு எல்லாம் ஒண்டாகிறபடியால்தான் முழுப்பழம் இறுகாமல் அடிச்ச பழம் இறுகுது. சூடாக்கினால் நொதியம் செத்துப்போகும், ஆனால் உங்கட முறைக்கு அது சரிவராது. உறைய வைச்சாலும் சாகாது. புளிப்பு அதைத் தாமதிக்க வைக்கும், அதுக்குத்தான் தேசிக்காய். பப்பாப்பழம் மொத்தத்தில மூண்டில ஒரு பங்குக்கு மேல போகாமல் வைச்சு, அடிச்ச உடன குடிச்சால் பிரச்சினை இல்லை. விதையும், தோலை ஒட்டின பச்சைப் பகுதியும் உள்ள போனால் கசக்கும், அதை ஆழமாகச் சீவுங்கோ.

பனங்கட்டி கருப்பநீரைக் காய்ச்சி எடுக்கிறது. பாலைப்பழப் பாணியும் காய்ச்சினதுதான். இரண்டும் பச்சை உணவில்லை. தேன் சேர்க்கிறவை காட்டுத்தேன் ஒரு தேக்கரண்டி போடலாம், ஆனால் ஒரு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்குத் தேன் குடுக்கவே கூடாது. கடையில பச்சை எண்டு விக்கிற கஜுவும் பெரும்பாலும் கோது உடைக்க முதல் சூடு பட்டதுதான். கச்சான் (நிலக்கடலை) ஊறப்போட்டுப் பால் எடுக்கிறதெண்டால் கறுத்தது, சுருங்கினது, பூஞ்சணம் பிடிச்சது எல்லாத்தையும் எறியுங்கோ. பூஞ்சண நஞ்சு கழுவினால் போகாது.

மல்லாவி
மேல சொன்னதோட எனக்கு முழு உடன்பாடு. ஆனால் சுகாதாரம் பேசாமல் விடக்கூடாது. பச்சை உணவு எண்டதுக்காகத் தண்ணியையும் பச்சையாக விடாதேங்கோ. ஸ்மூத்திக்கும் ஐஸுக்கும் கொதிச்சாறின தண்ணி. மீனுக்குப் போடுற கட்டி ஐஸ் குடிக்கிறதுக்கில்லை.

இலை போடுறதெண்டால் வல்லாரை ஒரு சின்னப் பிடி காணும். குளக்கரை, வாய்க்கால் வல்லாரையைப் பச்சையாக அடிக்காதேங்கோ. வீட்டுத் தோட்டத்தில வளர்த்ததை ஒவ்வொரு இலையாக ஓடுற தண்ணியில கழுவிப் பிறகு கொதிச்சாறின தண்ணியில அலசுங்கோ. மரவள்ளி இலை, கிழங்கு இரண்டும் பச்சையாக ஒருநாளும் வேண்டாம், சயனைட் இருக்கு.

முக்கியமானது சிறுநீரகம். வவுனியா, முல்லைத்தீவு பக்கம் சிறுநீரக நோய் இருக்கிற இடம். நோய் உள்ளவருக்கு வாழைப்பழமும் இளநீரும் சேர்ந்த ஒரு கிளாஸ் பொட்டாசியத்தை ஆபத்தாகக் கூட்டும். கிளினிக்கில கேட்காமல் குடுக்காதேங்கோ. காமரங்காயை (நட்சத்திரப்பழம்), அதுவும் வெறும் வயித்தில, சாறாக அடிச்சுக் குடிக்கிறதை எல்லாருமே தவிருங்கோ. அதில ஒட்சலேற்று எண்ட உப்பு மிக அதிகம், சிறுநீரகத்தில படிஞ்சு திடீரெண்டு செயலிழக்க வைக்கும். சுகதேகிகளுக்கும் நடந்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கினம். பிலிம்பிக்காய்ச் சாறும் அப்பிடித்தான்.

விசுவமடு
மிச்சம் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. விளாம்பழம், பாலைப்பழம் சேர்க்கலாமோ? கரண்ட் இல்லாத நாளில குளிருக்கு வழி இருக்கோ?

ஒட்டுசுட்டான்
விளாம்பழத்துக்கு உறைய வைக்கிறது தேவையில்லை, அது தானே தடிப்பு. ஓரடி உயரத்தில இருந்து போட்டால் துள்ளாத பழந்தான் பழுத்தது. 150 கிராம் சதையை 200 மில்லிலீற்றர் இரண்டாம் பாலில கையால பிசைஞ்சு வடியில வடிச்ச பிறகு பிளெண்டருக்குள்ள விடுங்கோ. விதையோட அடிச்சால் விதை நொருங்கி நறநறக்கும்.

பாலைப்பழம் நல்லாக் கனிஞ்சதாக எடுங்கோ. கனியாததில பால் கூட, அலகிலயும் உதட்டிலயும் பிசுபிசுக்கும். கொட்டையை எடுத்திட்டு, அலகில தேங்காயெண்ணெய் தொட்டுப் பூசிப்போட்டு அடியுங்கோ. நல்ல இனிப்பு, பேரீச்சம்பழத்தை விட்டிடலாம்.

கரண்ட் இல்லாட்டில் பெரிய மண்பானைக்குள்ள சின்ன முட்டியை வைச்சு, இடைவெளியில ஆத்து மணல் நிரப்பி மணலை நனைச்சு விடுங்கோ. முட்டிக்குள்ள பழமும் மூடின போத்தலில இரண்டாம் பாலும். வாயை ஈரச்சாக்கால மூடி, காத்துப் படுற நிழலில வையுங்கோ. காலையும் பின்னேரமும் தண்ணி தெளிக்கவேணும். சோளகக் காத்து அடிக்கிற காலத்தில வடிவாகக் குளிரும், மாரியில ஈரப்பதன் கூட எண்டபடியால் அவ்வளவு வராது. தேங்காய்ப்பாலை அதில இரண்டு மணித்தியாலத்துக்கு மேல வைக்காதேங்கோ, புளிச்சுப்போகும். பழத்தை இரவே வைச்சு, பாலைக் காலமை பிழியுங்கோ.