எங்கள் நாய் பூந்தி, டப்பாவைத் தேடாமல் என் மூஞ்சியைப் பார்க்கிறாள், என்ன செய்ய?

உறையூர்க்காரன் கேட்டது:

எங்கள் வீட்டில் பூந்தி என்று ஒரு நாய். தெருவில் பிறந்தவள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழையில் வண்டி ஷெட்டுக்குள் ஒண்டினாள், அப்புறம் போகவேயில்லை. போன தீபாவளி வெடிச்சத்தத்துக்குப் பிறகு கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். மோப்ப விளையாட்டு சொல்லிக்கொடுத்தால் பயம் தெளியும் என்றார்கள். எட்டு மாதமாகச் செய்கிறோம்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கிராம்புத் தைலம்தான் வாசனை. காது குடையும் பஞ்சுக் குச்சிகளைத் துண்டாக்கி, இரண்டு சொட்டுத் தைலத்தோடு ஒரு பாட்டிலில் மூடி வைப்பேன். மறுநாள் அதில் ஒரு துண்டை, ஓட்டை போட்ட மிட்டாய் டப்பாவில் போட்டு ஒளிப்பேன். கண்டுபிடித்தால் அவித்த கோழி ஈரல், சுண்டுவிரல் நகம் அளவுக்கு.

நான் ஒளித்தால் இருபது நொடியில் எடுத்துவிடுவாள். எனக்கு ஒரே பெருமை. போன ஞாயிறு மச்சினன் ஒளித்தான், இடம் எனக்குத் தெரியாது. பூந்தி ஒரு சுற்று சுற்றினாள். செருப்பு ஸ்டாண்ட் பக்கம் நான் நின்றேன். அவளும் அங்கேயே உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். "சபாஷ்!" என்று ஈரலைக் கொடுத்துவிட்டேன். டப்பா இருந்ததோ தையல் மிஷின் டிராயரில். மூன்று தடவையும் இதே கதை. என் மனைவி, "அது எங்கங்க மோப்பம் புடிக்குது, உங்க மூஞ்சியத்தான் படிக்குது" என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

எப்படிச் சரிசெய்வது?

சிப்பிப்பாறை அக்கா:

தம்பி, உங்க வீட்டம்மா ஒரே வரியில சொல்லிட்டாங்க. பெர்லின்ல ஹான்ஸ்னு ஒரு குதிரை இருந்துச்சு. கணக்குக் கேட்டா குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1907-ல ஆஸ்கர் ஃபுங்ஸ்ட்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் சோதிச்சுப் பார்த்தார். கேக்கிறவருக்கே விடை தெரியலைன்னா குதிரைக்கும் தெரியலை. சரியான எண் வந்ததும் கேக்கிறவர் தலை லேசா அசையும், அதைப் பாத்து அது நிறுத்திக்கும்.

இது பழகாதவங்க பண்ற தப்புன்னு நினைச்சுடாதீங்க. 2011-ல வெளிவந்த ஒரு ஆய்வு: அமெரிக்காவுல கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்துக்காரங்க 18 மோப்ப நாய்களை, வேலை பாக்கிற நாய்களை, அதுங்க ஹேண்ட்லர்களோட (நாயைப் பிடிச்சு வேலை வாங்குறவங்களோட) ஒரு சர்ச்சுக்குள்ள விட்டாங்க. சிவப்புக் காகிதம் இருக்கிற இடத்துல பொருள் இருக்கும்னு ஹேண்ட்லர்கிட்ட சொல்லி வெச்சாங்க. உண்மையில எந்த அறையிலயும் ஒண்ணுமே கிடையாது. ஆனாலும் 200-க்கும் மேல "இங்க இருக்கு"ன்னு அறிவிப்பு வந்துச்சு, காகிதம் இருந்த இடத்துல கூடுதலா. காகிதத்தோட அர்த்தம் மனுஷனுக்குத்தானே தெரியும்!

செய்ய வேண்டியது: லீஷைத் தளர்த்திப் பிடிங்க. நிக்காதீங்க, நடந்துக்கிட்டே இருங்க. நீங்க நின்னா அவளுக்கு அது விடை. டப்பா எங்கன்னு தெரிஞ்சவர் உங்களுக்குப் பின்னால, அவ கண்ணுல படாம உக்காந்து, அவ சரியா நின்ன பிறகு "ஆமா"ன்னு சொல்லட்டும். அதுக்கப்புறம்தான் ஈரல். நீங்க வாயைத் திறக்கவே கூடாது. அவ உங்க மூஞ்சியைப் படிக்கிறதுக்குப் பதிலா, நீங்க அவ மூக்கைப் படிங்க. வாசனை தட்டினதும் வாயை மூடிக்குவா, மூச்சு சின்னச் சின்னதா வேகமாகும், தலை சட்டுனு திரும்பும். என் சிப்பிப்பாறைக்கு வால் ஒரு நொடி விறைச்சு நிக்கும். கண்ணால பாத்து ஓடிப் பிடிக்கிற இனம், இதுக்கு மூக்கு வேலை வராதுன்னு நானே ஒரு வருஷம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அதுக்கு மூக்கு வேலை வராம இல்லை, எனக்குத்தான் பொறுமை வரலை.

இன்னொண்ணு, அந்தத் தைலப் பாட்டில் அவளுக்கு எட்டவே கூடாது. உள்ள போனா ஆகாது.

ரிட்டயர்டு ஃபோர்மேன்:

ஃபேன் ஓடிச்சா? சீலிங் ஃபேன் காத்தைக் கீழ தள்ளி நாலு சுவத்துக்கும் விரட்டும். டப்பா ஓரிடம், வாசனை சேர்ற மூலை வேறிடம். நாய் சுவரையே மோந்துச்சுன்னா அது தப்பு இல்ல சார். நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு விடுங்க. ஞாயித்துக்கிழமைன்னு வேற சொல்றீங்க. பிரியாணிக்குக் கிராம்பு தாளிச்சிருந்தா வீடு முழுக்க டப்பாதான்.

வம்பன்:

எங்க தெரு நாய் மாடியில காயுற கருவாட்டைப் பயிற்சி இல்லாமலே கண்டுபிடிக்குது. ஈரல் செலவு மிச்சம் 😄

உறையூர்க்காரன் (மூன்று வாரம் கழித்து):

ஃபோர்மேன் சார், ஃபேன் ஓடியது. பிரியாணியும்தான். மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

அக்கா சொன்னபடி இப்போது மகள் ஒளிக்கிறாள். நான் காலண்டர் பக்கம் பார்வையை வைத்துக்கொண்டு நடக்கிறேன். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. நேற்று பூந்தி அரிசி டிரம்மிடம் போய் நின்றாள். "அங்கே ஏற்கெனவே பார்த்தாச்சே" என்று லீஷை இழுக்கக் கை போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் மூக்கை நுழைத்து அப்படியே உறைந்து நின்றாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து மகள், "ஆமாப்பா!"

இதில் வேறொன்றும் மாட்டியது. மகள் பத்தாம் வகுப்பு. கணக்குச் சொல்லிக்கொடுக்க எதிரே உட்காருவேன். ஒரு வரி எழுதுவாள், என் முகத்தைப் பார்ப்பாள், என் புருவம் ஏறினால் அழிரப்பரை எடுப்பாள். கவனமான பிள்ளை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். போன வாரம் அவளே, "அப்பா, பூந்திக்கு மாதிரி எனக்கும் பின்னால போய் உக்காருங்க" என்றாள். சுருக்கென்றது. இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கிறேன். முந்தாநாள் ஒரு கணக்கில் அவள் போன வழி வேறு, என் வழி வேறு. அவளுக்கு விடை வந்துவிட்டது. நான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, ஈரலுக்குப் பதில் வேறு என்ன கொடுக்கலாம்? பூந்தி குண்டாகிறாள்.