மூன்றாவது மடக்குக் கத்தியும் போச்சு, அடுத்து எதை வாங்குவது?

14 மாதத்தில் மூன்று மடக்குக் கத்திகள் வீணாகிவிட்டன. தினமும் அட்டைப்பெட்டி, நைலான் கயிறு, சொட்டுநீர்க் குழாய் என்று அறுப்பேன். கை எப்போதும் ஈரமும் மண்ணுமாகத்தான் இருக்கும்.

முதல் கத்தி சாதாரண ஸ்டெயின்லெஸ், லைனர் லாக் (கைப்பிடிக்குள் இருக்கும் தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகை மடங்காமல் தாங்கும் பூட்டு). நாலே மாதத்தில் அலகு பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. திருகை இறுக்கினால் திறக்க வராது, தளர்த்தினால் மறுபடியும் ஆட்டம். ஒருநாள் அழுத்தி அறுக்கும்போது பூட்டு நழுவி மடங்கியது. விரல் தப்பியதே பெரிது. கழற்றிக் கழுவி, எண்ணெய் விட்டு, திருகுக்குப் பசையும் போட்டுப் பார்த்தேன். பலனில்லை.

இரண்டாவது டி2 என்ற கடினமான கருவி எஃகு. கூர் அருமையாக நின்றது. ஆனால் அதில் துருவைத் தடுக்கும் குரோமியம் 12 சதவீதம் அளவில்தான், ஈரத்தில் துருப்புள்ளி விழுந்துவிட்டது. தீட்டவும் படாதபாடு. மூன்றாவது கத்தியின் முனை உடைந்ததற்கு நான்தான் காரணம், டப்பா மூடியை நெம்பினேன்.

இப்போது 14சி28என் என்ற துரு எளிதில் பிடிக்காத எஃகில், 3 மி.மீ. தடிமனில், பேக் லாக் (கைப்பிடியின் முதுகுப்பக்கம் அழுத்தி விடுவிக்கும் பூட்டு) வைத்தது ஒன்றை யோசிக்கிறேன். சட்டைப்பைக்குள் அடங்க வேண்டும், அதனால் மடக்காத கத்தி சரிவராது.

மண்ணிலும் ஈரத்திலும் இரண்டு வருடமாவது ஆட்டம் காணாமல் உங்களிடம் உழைத்த மடக்குக் கத்தி எந்த மாடல், என்ன பூட்டு?